ஹாலிவுட் நடிகை கேரி ஃபிஷர் மருந்தை விட்டுவிடவில்லை
"கேரி ஃபிஷர் மாத்திரையே இல்லாமல், சிரித்துச் சிரித்தே இருமுனையக் கோளாறை (அதீத உற்சாகமும் கடும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) ஜெயித்தார்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு, இதை நம்பி யாராவது மருந்தை நிறுத்திவிட்டால் ஆபத்தும்கூட.

அவர் மருந்து எடுத்துக்கொண்டதை மறைத்ததே இல்லை. மனச்சோர்வு முற்றியபோது மூளைக்கு மின்சாரம் செலுத்தும் இசிடி சிகிச்சையும் எடுத்துக்கொண்டார். மயக்க மருந்து கொடுத்துச் செய்வது அது. அதனால் தன் நினைவாற்றல் பாதிக்கப்பட்டதையும் அவரே வெளிப்படையாகப் பேசினார். 2009இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் தனி ஆளாக மேடையேறி, 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் இளவரசி லேயாவாக நடித்துக் கிடைத்த புகழையும் போதைப் பழக்கத்தையும் நோயையும் நகைச்சுவையாக்கினார். அந்த நகைச்சுவை சிகிச்சையோடு சேர்ந்து இருந்தது, சிகிச்சைக்குப் பதிலாக அல்ல. வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாமல் இருக்க அது உதவியது. எனக்கு அவரிடம் பெரிதாகத் தெரிவது இந்தத் துணிச்சல்தான்.

அப்புறம், "ஜெயித்தார்" என்பதும் சரியில்லை. இருமுனையக் கோளாறு பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கக் கவனிக்க வேண்டிய ஒன்று. 2016 டிசம்பரில் அவர் இறந்த பிறகு நடந்த பரிசோதனையில் உடலில் போதைப்பொருள்கள் தென்பட்டன. மரணத்தில் அவற்றின் பங்கைத் தீர்மானிக்க முடியவில்லை என்றே அறிக்கை சொன்னது. தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்துங்கள்.