பின்னல் இருந்தால் செய்தி இலவசமா?

"இரண்டு குவாண்டம் கணினிகளைப் பின்னலால் இணைத்துவிட்டால் அவற்றுக்கிடையே செய்திப் பரிமாற்றமே தேவையில்லை" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பின்னல் (entanglement) என்பது இரு துகள்களின் குவாண்டம் நிலைகள், எவ்வளவு தொலைவில் இருந்தாலும், ஒன்றோடொன்று பிணைந்திருப்பது. கேட்க இனிக்கிறது அந்தக் கூற்று, ஆனால் தவறு.

1993இல் இயற்பியலாளர் பென்னெட் குழுவினர் முன்வைத்த குவாண்டம் டெலிபோர்ட்டேஷனையே பாருங்கள். ஒரு கியூபிட்டின் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) நிலையை அனுப்பப் பின்னிய கியூபிட் இணை ஒன்று செலவாகிறது. கூடவே 2 சாதாரண பிட்கள் போய்ச் சேர வேண்டும். அவை வரும்வரை மறுமுனையில் இருப்பவருக்குக் கிடைப்பது வெறும் இரைச்சல்தான். அந்தப் பிட்களோ ஒளியை முந்திப் பறப்பதில்லை. வெவ்வேறு கணினிகளில் உள்ள இரு கியூபிட்களுக்கிடையே ஒரு சிநாட் வாயிலை (ஒரு கியூபிட் 1 ஆக இருந்தால் மற்றதைப் புரட்டும் அடிப்படைச் செயல்) இயக்குவதற்கும் ஓர் இணையும், திசைக்கு ஒரு பிட்டும் வேண்டும். பயன்படுத்திய இணை அத்தோடு தீர்ந்தது. அடுத்த வாயிலுக்குப் புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டும். கையைக் கடிக்கும் செலவு இதுதான்.

சேமிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருவரின் பட்டியல்களில் பொதுவான உறுப்பு உண்டா என்று அறிய, வழக்கமான முறையில் பட்டியலின் நீளத்துக்கு ஏற்பச் செய்திப் பரிமாற்றச் செலவு ஏறும். குவாண்டம் முறையில் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே ஏறும். நீளம் 10 லட்சம் என்றால் வர்க்கமூலம் 1,000. பெரிய லாபம்தான். ஆனால் பின்னலை எவ்வளவு பகிர்ந்துகொண்டாலும் அந்த வர்க்கமூல வரிசைக்குக் கீழே இறங்க முடியாது என்று கணிதவியலாளர் ரஸ்பரோவ் நிறுவிவிட்டார்.