லொக்கேஷன் அனுப்பினோம்

வியாழக்கிழமை ராத்திரி எங்கள் தெருவில் நடந்ததைப் பெரும்பாலானவர்கள் படித்திருப்பீர்கள். சித்தப்பாவுக்காகக் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. அதை முழுதாக மறுபடி எழுதும் தெம்பு எனக்கு இல்லை. சித்தப்பாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், பேசுகிறார். விசாரித்த எல்லோருக்கும் நன்றி. இந்தப் பதிவு அதன் கீழே வந்த ஒரு கமெண்ட்டுக்காக.

"இந்தக் காலத்தில் ஒரு லொக்கேஷன் ஷேர் பண்ணக்கூடத் தெரியாதா?"

அதற்கு அறுபதுக்கு மேல் லைக். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர்களும் அதில் இருக்கிறார்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

லொக்கேஷன் அனுப்பினோம். சித்தப்பா மகள் அனுப்பினாள், அப்புறம் நானும் அனுப்பினேன். புள்ளி சரியாக அவர் வீட்டுக் கூரைமேல்தான் விழுந்திருந்தது. புள்ளி இருந்தது, பாதை இல்லை. வழிகாட்டும் ஆப், நாம் கொடுத்த புள்ளிக்குப் பக்கத்தில் தனக்குத் தெரிந்த சாலை எதுவோ அதில் கொண்டுபோய் நிறுத்தும். எங்கள் தெரு அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்த சாலை ஏரியின் அக்கரையில் ஓடுகிறது. நேராக அளந்தால் 200 மீட்டர், நடுவில் தண்ணீர். ஆம்புலன்ஸ் டிரைவர் அங்கே நின்று, எங்கள் வீட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டே போன் செய்கிறார்: "வந்துட்டேன் சார், நீங்க எங்க இருக்கீங்க?" அவரை நான் குறை சொல்ல மாட்டேன். குரலில் அவருக்கும் பதற்றம். வண்டியைத் திருப்பி, பைபாஸ் ஏறி, சுற்றி வந்து சேர 35 நிமிடம் ஆனது.

"மெயின் ரோட்டில் ஆள் நிறுத்தியிருக்கலாமே" என்கிறார் இன்னொருவர். நிறுத்தினோம். எங்கள் பக்கத்து மெயின் ரோட்டில். வண்டி போனது வேறு ரோட்டுக்கு.

எங்கள் தெருவில் 41 வீடுகள். சிமெண்ட் ரோடு போட்டு ஆறு வருஷம் ஆகிறது. ரேஷன் அட்டை உண்டு, கரண்ட் பில் வருகிறது, தேர்தல் வந்தால் ஒரு வீடு விடாமல் பூத் சீட்டு வருகிறது. அந்த டிரைவர் கையிலிருந்த வரைபடத்தில் மட்டும் நாங்கள் இருக்கும் இடம் வெறும் பச்சை.

"மேப் போடுவதெல்லாம் ஐடி பசங்க பொழுதுபோக்கு" என்று போன வருஷம் ஒருவர் எழுதியபோது சிரித்துவிட்டு விட்டேன். விட்டிருக்கக் கூடாது. மேப் போடும் இந்த எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். 2015 டிசம்பர், சென்னை வெள்ளம். வேளச்சேரியில் மாடி அறையில் நான்கு பேர் மாட்டியிருந்தோம். விட்டு விட்டு சிக்னல் வரும்போது ஒருவன் ஒரு வரைபடத்தைக் காட்டினான். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தை வைத்துத் தன்னார்வலர்கள் செய்தது. உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் அந்தத் தெருவின் கோட்டை அழுத்த வேண்டும், அது நிறம் மாறும். ஊரே அழுத்திக்கொண்டிருந்தது. எந்த வழி மூழ்கியது என்று அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நானும் எங்கள் தெருவை அழுத்தினேன். வரைபடத்தை நாமும் தொடலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். தண்ணீர் வடிந்த பிறகு வேறொன்றும் உறைத்தது. கோடே இல்லாத தெருவில் இருப்பவன் எதை அழுத்துவான்?

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் ஊர்ப் பகுதியைத் திறந்து பார்த்தேன். ஏரி இருந்தது, தெரு இல்லை.

2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம். 2010 ஜனவரியில் ஹைதியில் பூகம்பம் வந்தபோது, உலகம் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தலைநகரின் தெருக்களைச் சில நாட்களில் வரைந்து கொடுத்தார்கள், மீட்புக் குழுக்கள் அதை வைத்துப் போனார்கள். கென்யாவின் நைரோபியில் கிபேரா என்ற பெரிய குடிசைப் பகுதி. அத்தனை பேர் வாழும் அந்த இடம் 2009 வரை வரைபடங்களில் வெற்றிடமாகவே கிடந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த பையன்களும் பெண்களும் ஜிபிஎஸ் கருவியோடு சந்து சந்தாக நடந்து, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, மருந்தகம் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். பொழுதுபோக்குக்கு யாரும் சாக்கடையோரம் நடக்க மாட்டார்கள்.

அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை இது என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் ஊரை அளந்தவர்கள் எப்போதும் யாருக்காக அளந்தார்கள்? 1802-இல் பரங்கிமலைப் பக்கம் ஆங்கிலேய ராணுவ அதிகாரி லாம்டன் சங்கிலி பிடித்து அளந்தது கிழக்கிந்தியக் கம்பெனிக்காக. இன்றும் விஏஓ கையிலிருக்கும் புலப்படத்துக்கு மூலம், நிலவரி போடுவதற்கு அளந்த அளவுதான். எங்கள் நிலத்தின் சர்வே எண் அதில் பிசகாமல் இருக்கிறது. நோயாளியை எந்த வழியாகத் தூக்கிப் போவது என்று அதில் இல்லை. கொஞ்ச காலம் முன்புவரை தனி ஆள் மேப் போடத் தயங்குவதிலும் நியாயம் இருந்தது. 2016-இல் ஒரு வரைவு மசோதா வந்தது, அனுமதி இல்லாமல் வரைபடத் தகவல் சேகரித்தால் 100 கோடி ரூபாய் வரை அபராதம் என்று பேசியது. அது கைவிடப்பட்டு, 2021 பிப்ரவரியில் விதிகளைத் தளர்த்தியும் விட்டார்கள். இன்னும் என்ன தயக்கம்?

எங்கள் தெருப் பெரியம்மாக்கள் கேட்டது மட்டும் என்னை நிறுத்தியது. "படத்துல ஏறிட்டா இடிக்க வருவாங்களாப்பா?" ஏரிக்கரையில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் சும்மா வராது. இதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் பெரியம்மா, 2011-இல் அளக்க வந்தவர்கள் யாரையும் வழி கேட்கவில்லையே. நேராக நம் வாசலில்தான் வந்து நின்றார்கள். வழி தெரியாமல் நின்றது ஆம்புலன்ஸ் மட்டும்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பைபாஸிலிருந்து உள்ளே இருக்கும் பெரிய தெரு எல்லா ஆப்பிலும் இருக்கிறது. அங்கே மாட்டுக் கொட்டகைக்குப் போகும் பாதைகூட இருக்கிறது. அதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் நாங்கள். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தபோது என் அம்மா அழுதார். எங்களுக்கு அந்தப் பெயரில்கூட வரைபடத்தில் ஓர் இடம் இருந்ததில்லை. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. லொக்கேஷன் அனுப்பத் தெரியாதா என்று கேட்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிளஸ் டூ படிக்கும் மூன்று பிள்ளைகளோடு தெருவை நடந்து முடித்தோம். பெயர் என்ன போடுவது என்று ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் புளியமரத் தெரு. மரத்தை வெட்டிப் பல வருஷம் ஆகிறது, ஆனாலும் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். தமிழிலேயே ஏற்றினோம். சில நிமிடங்களில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தெரு வந்துவிட்டது.

"அதில் போட்டால் டிரைவர் ஆப்பில் வந்துவிடுமா?" வராது. அது வேறு நிறுவனத்துடையது. அவர்களுக்கு மார்ச்சிலிருந்து மூன்று முறை அனுப்பியிருக்கிறேன், போட்டோவோடு. "பரிசீலனையில் உள்ளது" என்று நிற்கிறது. நிறையப் பேர் கேட்டால் சீக்கிரம் பார்ப்பார்களோ என்னவோ.

கமெண்ட் போட்ட நண்பரே, அக்கா கல்யாணத்துக்கு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். அன்று வழி தெரியாமல் பைபாஸில் நின்று போன் செய்தீர்கள், நான்தான் சைக்கிளில் வந்து உங்களைக் கூட்டிப்போனேன். உங்கள் போனிலும் அதே ஆப் இருக்கும். விடுபட்ட சாலை என்று நீங்களும் ஒருமுறை அனுப்புங்கள். லொக்கேஷனை இன்பாக்ஸில் போட்டிருக்கிறேன்.