நிலவைப் பார்த்துத் திருப்பினால் நிலவுக்குப் போக முடியாது

பதினோராம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள் இந்தக் கோடை விடுமுறையில் திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். என் கணினியில் 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' விளையாட்டைத் திறந்து கொடுத்தேன். இரண்டே நாளில் ஒரு ராக்கெட்டைச் சுற்றுப்பாதையில் நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாள், திரையில் தெரிந்த நிலவைக் காட்டி, "நேராத்தானே தெரியுது சித்தப்பா, அதைப் பார்த்துத் திருப்பி விட்டா போயிடாதா?" என்று கேட்டாள். செய்து பார் என்றேன். தலைக்கு மேலே இருந்த நிலவை நோக்கிக் கப்பலின் மூக்கைத் திருப்பி, இருந்த எரிபொருளில் பெரும்பகுதியை எரித்தாள். கப்பல் கொஞ்ச தூரம் மேலே ஏறியது, தயங்கியது, பிறகு வளைந்து இறங்கி, புறப்பட்ட கோளின் காற்றுமண்டலத்துக்குள்ளேயே விழுந்து எரிந்துபோனது. அவள் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மௌனத்தைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். விண்கலம் ஓட்டும் விளையாட்டுகள் பல இன்று கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றில் கலம் ஒரு விமானத்தைப் போலவோ காரைப் போலவோதான் நடந்துகொள்கிறது. கோள் தெரியும் பக்கம் திருப்ப வேண்டும், விசையை அழுத்த வேண்டும், விரலை எடுத்தால் நின்றுவிடும். பார்ப்பதற்கு அழகாக இருக்கும், பொழுதும் போகும். ஆனால் கோள்களுக்கிடையே பயணம் செய்வதில் உள்ள உண்மையான வியப்பு அங்கே களவுபோய்விடுகிறது என்பது என் உறுதியான கருத்து. ஈர்ப்புவிசை நேர்மையாக வேலை செய்யும் ஒரு விளையாட்டையாவது, தானியங்கிக் கருவியின் துணை இல்லாமல், தன் கையால் ஓட்டிப் பார்த்த பிள்ளைக்கு வானத்தைப் பற்றிய எண்ணமே மாறிவிடும்.

மெக்சிகோ நகரத்து ஸ்குவாட் நிறுவனம் உருவாக்கிய இந்த விளையாட்டு 2011இல் முதன்முதலாகப் பொதுமக்கள் கைக்கு வந்தது. முழுமை பெற்ற பதிப்பு 2015 ஏப்ரலில் வெளியானது. இதில் நம் பூமிக்குப் பதிலாக 600 கி.மீ. ஆரமுள்ள கெர்பின் என்ற கோள் இருக்கிறது. அதன் நிலவுக்கு மன் என்று பெயர், 12,000 கி.மீ. தொலைவில் சுற்றுகிறது. அளவுகள்தாம் சிறியவை. நியூட்டனின் ஈர்ப்பு விதியும் கெப்ளரின் விதிகளும் உள்ளபடியே இருக்கின்றன.

கெர்பினிலிருந்து 80 கி.மீ. உயரத்தில் சுற்றும் கலம் நொடிக்கு ஏறக்குறைய 2,280 மீட்டர் வேகத்தில் போகிறது. அது மன் வரை போய்ச் சேர, போகும் திசையிலேயே இன்னும் 860 மீட்டர் வேகத்தைச் சேர்த்தால் போதும். அதே 860 மீட்டரை நேர் மேலே எரித்தால் கலம் 500 கி.மீ. உயரத்தைத் தொடுவதே பெரும்பாடு. கீழே வரும்போது பாதை தரைக்குள் போய்விடும். அண்ணன் மகளின் கப்பலுக்கு நேர்ந்தது இதுதான். செலவழித்த எரிபொருள் ஏறக்குறைய ஒன்றே. ஒரு திசையில் அது 12,000 கி.மீ. தூரம் கொண்டுபோகிறது, இன்னொரு திசையில் வந்த இடத்திலேயே கொண்டுவந்து தள்ளுகிறது. இதை நான் அவளுக்குத் தாளில் எழுதிக் காட்டியிருந்தால் தலையாட்டியிருப்பாள். ஒரு கப்பலை இழந்த பிறகு எழுதிக் காட்டியதால், பென்சிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தானே கணக்குப் போட்டாள்.

சுற்றுப்பாதையில் ஓர் இடத்தில் வேகத்தைக் கூட்டினால், உயர்வது அந்த இடம் அல்ல, பாதையின் மறுபக்கம். இதைக் கை பழகிக்கொள்ளச் சில நாட்கள் ஆகும். பழகிய பிறகு ஊஞ்சல் ஆட்டுவதைப் போலத்தான். ஊஞ்சல் நம்மைக் கடந்து தாழ்ந்து வேகமாகப் போகும் நேரத்தில் ஒரு தள்ளு தள்ளினால் எதிர்ப்பக்கம் அது உயரப் போகிறது. உச்சியில் நின்று தள்ளுவதால் அந்தப் பலன் இல்லை. எரிபொருளும் அப்படியே. கலம் கோளுக்கு மிக அருகில், மிக வேகமாகப் பாயும் இடத்தில் எரிக்கும் ஒவ்வொரு சொட்டும் கூடுதல் ஆற்றலாகிறது.

அடுத்தது காத்திருப்பு. கெர்பினிலிருந்து மன் வரை போக விளையாட்டுக் கணக்கில் ஏழரை மணி நேரம் ஆகிறது. அதற்குள் மன் தன் பாதையில் ஏறக்குறைய 70 பாகை நகர்ந்துவிடும். ஆகவே மன் இப்போது இருக்கும் இடத்துக்குப் போகக் கூடாது; ஏழரை மணி நேரம் கழித்து அது வந்து நிற்கப்போகும் வெற்றிடத்துக்குப் போக வேண்டும். எங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் உயரே போன பந்தைப் பார்த்து, அது விழப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே ஓடிப் போய் நிற்கிறார்களே, அதே அறிவுதான் இது. அடிவானத்தில் மன் எழும்பும் நேரம் பார்த்து எரிக்கத் தொடங்கினால் ஏறத்தாழச் சரியாக இருக்கும் என்பது விளையாடுபவர்களிடையே வழங்கும் கைக்கணக்கு. ஒரு வட்டப்பாதையிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டே எரிப்புகளில் சிக்கனமாக மாறும் வழியை ஜெர்மானியப் பொறியாளர் வால்டர் ஹோமான் 1925இல் நூலாக எழுதியபோது, எந்த மனிதப் படைப்பும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கவில்லை. அந்தக் கணக்கை ஒரு பள்ளி மாணவி திருவொற்றியூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கையால் செய்து பார்க்கிறாள் என்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டு.

எல்லாவற்றையும்விடக் கடினமானது முன்னால் போகும் இன்னொரு கலத்தைப் பிடிப்பது. சாலையில் பழகிய புத்தி, வேகத்தைக் கூட்டு என்று சொல்லும். கூட்டினால் நம் பாதை பெரிதாகி, ஒரு சுற்றுக்கு அதிக நேரம் பிடித்து, மேலும் பின்தங்குவோம். வேகத்தைக் குறைத்தால் தாழ்வான பாதைக்கு இறங்கி, அங்கே சுற்று சீக்கிரம் முடிவதால் முன்னால் போவதை எட்டிவிடுவோம். இதில் தடுமாறுவது பிள்ளைகள் மட்டும் அல்ல. 1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 விண்கலத்தில் சென்ற விண்வெளி வீரர் ஜேம்ஸ் மெக்டிவிட், தங்களை ஏற்றிவந்த ராக்கெட்டின் கழன்ற பகுதியை நெருங்க, அதை நோக்கியே கலத்தைச் செலுத்திப் பார்த்தார். அது விலகிக்கொண்டே போனது. எரிபொருள் தீர்ந்துவிடும் என்ற நிலையில் முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி 6ஏ கலம் ஜெமினி 7ஐக் கணக்குப் பிசகாமல் நெருங்கியது. நம் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் இணைகலங்கள் 2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்டு, இணைப்பு தள்ளிப்போய், ஒருமுறை மூன்று மீட்டர் வரை நெருங்கிப் பார்த்துத் திரும்ப விலகி, 2025 ஜனவரி 16 அன்று ஒன்றோடொன்று சேர்ந்தன. அந்த நாட்களில் "ஏன் இவ்வளவு தாமதம்" என்று கேட்டவர்களை நான் அறிவேன். இரண்டு கெர்பல் கலங்களை ஒருமுறையாவது கையால் இணைத்துப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

சென்னைக்காரர்களுக்கு இது தொலைதூரச் செய்தியும் அல்ல. ஸ்ரீஹரிகோட்டா வடக்கே ஏறக்குறைய 80 கி.மீ. தூரத்தில் இருக்கிறது, வானம் தெளிவாக இருந்தால் மொட்டைமாடியிலிருந்தே நெருப்புக்கோடு தெரியும். அது நேர் மேலே போவதில்லை, கடலின் பக்கமாகச் சாய்கிறது என்பதைப் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். கிழக்கே சாய்ந்தால் பூமியின் சுழற்சி வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. துருவப் பாதைக்குத் தெற்கே போக வேண்டிய ராக்கெட்டுகளோ இலங்கைக்கு மேலே பறக்கக் கூடாது என்பதால் முதலில் விலகிப் போய்ப் பிறகு திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தத் திருப்பத்தில் வீணாகும் எரிபொருளை மிச்சப்படுத்தத்தான் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் அமைகிறது. விளையாட்டில் ஒரு முறை கிழக்கிலும் ஒரு முறை மேற்கிலும் ஏவிப் பார்த்தாலே, மிஞ்சும் எரிபொருள் இந்த வேறுபாட்டைக் காட்டிவிடும்.

மங்கள்யானை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 நவம்பர் 5 அன்று அதை ஏற்றிச் சென்ற பி.எஸ்.எல்.வி.க்கு ஒரே மூச்சில் செவ்வாய்க்கு அனுப்பும் வலிமை கிடையாது. ஆகவே நீள்வட்டப் பாதையில் விட்டு, ஒவ்வொரு முறை பூமிக்கு அருகில் வரும்போதும் சிறிது எரித்து, மறுமுனையை 1,92,000 கி.மீ.க்கும் அப்பால் உயர்த்தி, டிசம்பர் 1 அன்று வழியனுப்பினார்கள். நான் மேலே சொன்ன ஊஞ்சல்தான் அது. சிறிய இயந்திரம் உள்ள கலத்தை அண்ணன் மகளிடம் கொடுத்து, இதை வைத்து எப்படிப் போவாய் என்று கேட்டேன். அரை மணி நேரம் யோசித்துவிட்டு, "ஒரே தடவையில முடியாது, ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளணும்" என்றாள். மங்கள்யானின் கதையை அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

இந்த விளையாட்டோடு சேர்த்துக்கொள்ள 'மெக்ஜெப்' என்ற இலவச இணைப்பு ஒன்று இருக்கிறது. சேருமிடத்தைச் சொன்னால் அதுவே எரித்து, அதுவே திருப்பி, அதுவே இறக்கிவிடும். உண்மையான விண்கலங்களையும் கணினிதானே ஓட்டுகிறது என்று நண்பர்கள் வாதிடுகிறார்கள். ஓட்டுகிறதுதான். அந்தக் கணினிக்குக் கட்டளை எழுதியவர்கள் பாதையின் ஒவ்வொரு வளைவையும் அறிந்தவர்கள். நூறாவது முறையாகச் சரக்கு ஏற்றிப் போகும்போது தானியங்கியிடம் விடுவதில் எனக்கு மறுப்பு இல்லை. முதல் பயணத்தை, முதல் தரையிறக்கத்தை அதனிடம் விட்டுவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது வெறும் வேடிக்கைதான். மன்னில் காற்று இல்லை, பாராசூட் உதவாது, உயரமானி காட்டும் எண் கீழே இருக்கும் மலையைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதையெல்லாம் அவள் இரண்டு கலங்களை இழந்துதான் தெரிந்துகொண்டாள். மூன்றாவது கலம் ஒரு கால் மட்டும் வளைந்து நின்றபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

குறைகளும் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்பை மட்டுமே இந்த விளையாட்டு கணக்கில் கொள்கிறது. அதனால், சூரியனின் ஈர்ப்பும் பூமியின் ஈர்ப்பும் சேர்ந்து செயல்படுவதால் அமையும் லக்ராஞ்சு புள்ளிகள் இதில் இல்லை. 15 லட்சம் கி.மீ. தொலைவில் ஆதித்யா எல்1 இருக்கும் இடம் எப்படிப்பட்டது என்பதை இதைக்கொண்டு விளக்க முடியாது. எனக்குப் பெரிய மனக்குறையாக இருப்பது மொழிதான். நம் பாடநூலில் ஈர்ப்பியல் பாடம் நல்ல தமிழில் இருக்கிறது. விடுபடு வேகம், சுற்றியக்கத் திசைவேகம் என்ற சொற்களை அவள் தேர்வுக்காகப் படித்திருக்கிறாள். திரையிலோ எல்லாம் ஆங்கிலம். இரண்டும் ஒன்றே என்று அவளுக்குச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. தமிழில் விளையாட்டு உருவாக்கும் இளைஞர்கள் யாரேனும் இதைப் படித்தால், கோளைச் சுற்றி வரும் ஒரு சிறிய கலத்தையாவது நேர்மையான ஈர்ப்போடு தமிழில் செய்து தாருங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

விடுமுறை முடியும் முன் அவள் டூனாவுக்குக் கலம் அனுப்பினாள். அது அந்த உலகத்துச் செவ்வாய். கோள்கள் உரிய கோணத்துக்கு வரும் வரை காத்திருந்து, கையாலேயே எரித்து அனுப்பினாள். மங்கள்யானுக்குத் திட்டமிட்டிருந்த வழித்திருத்தங்களில் ஒன்றை, 2014 ஆகஸ்டில், பாதை சரியாக இருந்ததால் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள் என்பதை முந்தின இரவு அவளுக்குச் சொல்லியிருந்தேன். பாதி வழியில் வரைபடத்தைத் திறந்தாள். கலத்தின் கோடு டூனாவின் ஓரத்தை மெல்லத் தொட்டுக்கொண்டு போனது. பெரிதாக்கிப் பார்த்தாள், இன்னொரு முறை பார்த்தாள். "இப்ப ஒண்ணும் செய்ய வேண்டாம் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு, விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.