மண்ணாங்கட்டியும் சிவப்பு மூக்கும்

நெல் கொள்முதல் விலை பற்றி நண்பர் ஒருவர் நாலு வரி எழுதியிருந்தார். கீழே ஒருவர் சிவப்பு மூக்குக் கோமாளி முகத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். 2016-இல் யூனிகோடில் அந்த எமோஜி சேர்ந்ததிலிருந்து வாதாடுகிற வேலை பலருக்கு மிச்சம். எனக்குச் சிரிப்பு வந்தது வேறு காரணத்துக்காக. கோமாளிக்கு ஆங்கிலத்தில் 'க்ளவுன்'. விவசாயம் செய்கிறவனை 'க்ளவுன்' என்பதுதான் அந்தச் சொல்லின் பழைய வழக்கமே!

16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அந்தச் சொல் தலைகாட்டியபோது அதற்கு மூக்கும் இல்லை, அரிதாரமும் இல்லை. நாட்டுப்புறத்தான், நாகரிகம் தெரியாதவன், அவ்வளவுதான். நம் 'பட்டிக்காட்டான்' மாதிரி. குடியானவனைக் குறிக்கும் லத்தீன் 'கொலோனஸ்'தான் மூலம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இப்போது அகராதிகள் கட்டி, மண்ணாங்கட்டி, விகாரமாக நடப்பவன் என்ற பொருளுள்ள வட ஐரோப்பியச் சொற்களின் பக்கம் சாய்கின்றன. மண்ணாங்கட்டி! திட்டுவதற்கு எல்லா ஊரிலும் வயலுக்குத்தான் போகிறார்கள் போல.

லண்டன் நாடகக் கொட்டகையில் பட்டிக்காட்டான் வேடம் வந்தாலே கூட்டம் சிரித்தது. அதனால் சிரிக்க வைக்கிற நடிகனுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் அரண்மனை விதூஷகன் டச்ஸ்டோன் காட்டுக்குப் போய், ஆடு மேய்க்கும் கிழவரை "ஏய் க்ளவுன்" என்று கூப்பிடுகிறான். "சும்மா இரு முட்டாளே, அவர் ஒன்றும் உன் சொந்தக்காரர் இல்லை" என்று நாடகத்தின் நாயகி ரோசலிண்ட் அவன் வாயை அடைக்கிறாள். சொல்லின் இரண்டு பொருளும் ஒரே அடியில் மோதுகிற இடம் அது.

'வில்லன்' கதையும் இதேதான். பண்ணையில் உழைத்தவனைக் குறித்த சொல். ஆக நம் சினிமா போஸ்டரில் வில்லன், காமெடியன் இருவருமே குடியானவர்கள்!

வெள்ளை முகமும் கன்னத்துச் சிவப்பும் பின்னால் வந்தவை. 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் லண்டன் மேடையைக் கலக்கிய ஜோசப் கிரிமால்டிக்கு அதில் பெரிய பங்கு. இன்றும் அங்கே கோமாளிகளுக்கு 'ஜோயி' என்று செல்லப்பெயர்.

நாம் 'க்ளவுன்' என்பதை எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்கஸிலும் ஸ்பெஷல் நாடகத்திலும் நமக்கு அவர் பபூன். ஆங்கிலத்தில் 'பபூன்' என்று ஒரு குரங்கு உண்டு; சின்ன வயதில் அதுதான் இது என்றே நினைத்திருந்தேன். உண்மையில் நம் பபூன் ஆங்கில 'பஃபூன்'. கன்னத்தை உப்பி ஊதிக் காட்டும் இத்தாலியச் சேட்டையிலிருந்து வந்த சொல் என்கிறார்கள். திட்டில் பிறக்காமல் வித்தையில் பிறந்தது என்பதாலேயே எனக்கு அதன்மேல் ஒரு பிரியம்.

இதையெல்லாம் நண்பரிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, குவிண்டாலுக்கு எவ்வளவு தரலாம் என்று அந்த ஆள் ஏதாவது சொன்னாரா?" என்றார்.

இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.