எழுதத் தெரியாமலே எழுத்தாளரானவர்

தமிழின் முன்னோடிப் பெண் நாவலாசிரியர்களில் ஒருவரான வை.மு. கோதைநாயகியைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அவர் 115 நாவல்கள் எழுதினார் என்பதை வியந்து சொல்கிறது. எனக்கோ அந்த எண்ணிக்கையை விட, முதல் படைப்பு உருவான விதமே பெரிய வியப்பு. 1901-இல் பிறந்து, அக்கால வழக்கப்படி ஐந்து வயது கடந்த சில மாதங்களிலேயே மணமுடித்து வைக்கப்பட்ட அவர், பள்ளிக்குச் சென்று படித்தவர் அல்லர். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கதை சொல்வதில் தேர்ந்திருந்தாரே தவிர, கையெழுத்து ஓடாது. ஆகவே 'இந்திர மோகனா' என்ற நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, அருகிலிருந்த தோழி ஒருவர்தாம் தாளில் எழுதிக்கொண்டார். அவரது உரையாடல்களில் பேச்சின் வேகம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

கணவர் பார்த்தசாரதியைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டது குறைதான். மனைவியை நாடகம் பார்க்க அழைத்துச் சென்று, எழுதத் தூண்டி, 1925-இல் 'ஜகன்மோகினி' இதழைக் கோதைநாயகி ஏற்று நடத்தியபோதும் உடன் நின்றவர் அவர். அந்நாளைய ஆசாரமான குடும்பங்களில் இது எளிய செயலன்று. நாவல் எழுதிய அதே பெண் மேடையில் பேசினார், பாடினார், கள்ளுக்கடை மறியலில் ஈடுபட்டுச் சிறைக்கும் சென்றார், சிறையிலும் எழுதினார். இத்தனையும் தாங்கியவரை இறுதி ஆண்டுகளில் ஒடித்துப் போட்டது ஒரே மகனின் மரணம். அதன்பின் நெடுநாள் இராமல் 1960-இல் அவரும் மறைந்தார்.