உக்ரைன் ட்ரோன்களை ஓட்டுவது மனிதர்கள்தான்

"உக்ரைன் போரில் ட்ரோன்கள் தாமே இலக்கைத் தேடித் தாக்குகின்றன, மனிதனுக்கு வேலையே இல்லை" என்று ஒரு கருத்து சொல்லப்படுகிறது. அது தவறு, அதோடு கொல்பவரின் பொறுப்பையும் மறைத்துவிடுகிறது. அங்கே பறக்கும் எஃப்பிவி ட்ரோன்களில் (ட்ரோனின் கண்ணால் பார்த்தபடி ஓட்டும் சிறு ட்ரோன்கள்) பெரும்பாலானவற்றை ஒரு வீரர்தான் கேமரா படத்தைப் பார்த்து ஓட்டுகிறார். எதிரி ஜாமர் (ரேடியோ அலைகளைக் குழப்பும் கருவி) போட்டால் ட்ரோனுக்கும் அவருக்கும் இடையிலான ரேடியோ தொடர்பு அறுந்துவிடும். அதனால்தான் 2024 முதல் ஜாமரால் தடுக்க முடியாதபடி, தொடர்புக்காகப் பல கிலோமீட்டர் நீள ஃபைபர் இழையை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் களத்தில் பெருகின. ஆளே தேவையில்லை என்றால் இந்த இழை எதற்கு? சரி, செயற்கை நுண்ணறிவும் இருக்கிறது. பெரும்பாலும் ஓட்டுநர் காட்டிய இலக்கைக் கடைசிக் கட்டத்தில் விடாமல் பிடிக்க. 2025 ஜூன் 1 அன்று ரஷ்ய விமானத் தளங்களைத் தாக்கிய 117 ட்ரோன்களுக்கும் அதே எண்ணிக்கையில் ஓட்டுநர்கள் இருந்ததாக உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கியே சொன்னார்.