ஆயில் சூடாகும்வரை நல்ல வண்டி

வண்டியை விலைக்குப் போட்டு இன்றோடு 47 நாள். ஃபோன் வராத நாள் கிடையாது. "அண்ணா, லாஸ்ட் ரேட் எவ்வளவு?" வண்டி எந்த ஊரில் நிற்கிறது, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, டயர் எப்படி, எதுவும் வேண்டாம். எடுத்த எடுப்பில் லாஸ்ட் ரேட். முதல் ரேட்டையே நான் இன்னும் வாயைத் திறந்து சொல்லலையே சாமி!

வண்டி பாப்கேட். நம்ம பக்கம் எந்தக் கம்பெனி ஸ்கிட் லோடராக (முன்னால் பக்கெட் வைத்த குட்டி லோடர்) இருந்தாலும் பேர் பாப்கேட்தான், வனஸ்பதியெல்லாம் டால்டா ஆன மாதிரி. என்னுடையது எந்தக் கம்பெனி என்ற பேச்சு இங்கே வேண்டாம். நாமக்கல் கோழிப்பண்ணைகளில் எரு அள்ளுகிற வேலை. கூண்டு வரிசைக்கு அடியில் மாசக்கணக்கில் கிடக்கிற எருவை, தூணுக்கும் தூணுக்கும் நடுவே புகுந்து, நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பி அள்ளணும். பொக்லைனை உள்ளே விட்டால் கொட்டாயே வந்துவிடும். இந்த வண்டி பிறந்ததும் இதற்குத்தான். 1957-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் இரண்டு பேர், ஒரு வான்கோழிப் பண்ணைக்காரருக்குக் கொட்டகை சுத்தம் பண்ணச் செய்து கொடுத்த மூன்று சக்கர லோடரில் ஆரம்பித்த வம்சம். அங்கே வான்கோழி, இங்கே முட்டைக்கோழி. நாற்றம் ஒன்றுதான்.

இப்போது வியாதிக்கு வருவோம். விடியற்காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ராஜா மாதிரி ஓடும். பத்தரை மணிக்கு ஆயில் சூடாகிவிட்டால் இடது பக்கம் சோர்ந்துவிடும். நேராக விட்டால் இடது பக்கமே இழுக்கும். லாரியில் கொட்ட மண்மேட்டில் ஏற்றினால் இஞ்சின் மட்டும் கத்தும், சக்கரம் நகராது. இதில் காரில் இருக்கிற மாதிரி ஸ்டியரிங் கிடையாது. வலது பக்கத்துக்கு ஒரு பம்பு, ஒரு மோட்டார். இடது பக்கத்துக்கு ஒரு பம்பு, ஒரு மோட்டார். ஆயில் அழுத்தத்தில்தான் ஓட்டம். உள்ளே பிஸ்டன் தேய்ந்திருந்தாலும் ஆயில் கெட்டியாக இருக்கிறவரை தெரியாது. சூடாகி நீர்த்துப்போனதும், சக்கரத்தைச் சுற்ற வேண்டிய ஆயில் இடுக்கு வழியாகக் கசிந்து டேங்குக்கே திரும்பிவிடும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது. ஒழுகினாலாவது ஆயில் சீலைத் திட்டலாம்.

போதாததற்குக் கோழி இறகு. தூசியும் இறகும் சேர்ந்து ரேடியேட்டரைக் கம்பளி மாதிரி போர்த்திவிடும். மத்தியானம் நிறுத்தி ஏர் அடித்தால் ஒரு தலையணைக்குத் தேறும். இரண்டு வருஷத்தில் ஹோஸ் ஒன்பது தடவை வெடித்திருக்கிறது. பின்னு, புஷ்ஷு செலவையெல்லாம் கணக்கு எழுதுவதையே விட்டுவிட்டேன். நாமக்கல்லில் லாரிக்குத் தெருவுக்கு நாலு மெக்கானிக். இந்தப் பம்பைத் திறக்க மட்டும் கோயம்புத்தூருக்கு அனுப்பணும். திறந்தால் ஒன்றரை லட்சம்.

நான் இதை வாங்கினதே செகண்ட் ஹேண்டில். என்னிடம் விற்ற மகராசன் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார். வண்டி ஜம்மென்று ஏறியது, இறங்கியது. மீட்டரில் 3,100 மணி நேரம். ஆனால் கால் வைக்கிற பெடலோ தேய்ந்து சோப்புக்கட்டி மாதிரி வழவழ. அதைப் பார்த்தேன், பார்த்தும் புத்தியில் ஏறவில்லை. ஒரு மாசம் கழித்து ஆயில் மாற்ற இறக்கியபோதுதான் மெக்கானிக் விரலில் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். 46 நம்பர் ஆயில் ஊற்ற வேண்டிய வண்டியில் 68 நம்பர். கெட்டி ஆயிலை ஊற்றி நோயை மூடியிருக்கிறார்கள்.

அதனால்தான் நான் விற்கும்போது இருக்கிறதை இருக்கிறபடியே சொல்வது என்று முடிவு பண்ணினேன். அங்கேதான் பிடித்தது சனி. தர்மபுரியிலிருந்து ஒருத்தர் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், பம்பு செலவைக் கழித்தே விலையும் சொன்னேன். டீயைக் குடித்துவிட்டு, "ஏனுங்க, சொல்றதே இவ்வளவு இருக்குதுன்னா, சொல்லாதது எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். போனவர் அடுத்த வாரம் சேலத்தில் ஒரு வண்டி எடுத்தாராம். புது பெயிண்ட், மீட்டரில் 2,400. காலையில்தான் காட்டினார்களாம்.

இன்னொருத்தர் சீட் பார் சுவிட்சைப் பிடித்துக்கொண்டார். சீட்டுக்கு முன்னால் இருக்கிற கம்பியை இறக்கினால்தான் லோடர் கை தூக்கும், வண்டி நகரும். எரு ஈரத்தில் சுவிட்ச் பச்சை பிடித்து அடிக்கடி மக்கர் பண்ணும். "இதுக்கா யோசிக்கிறீங்க? ஒயரை டைரக்டா கொடுத்துட்டாப் போச்சு" என்கிறார். யோவ், அந்த லோடர் கை ஆபரேட்டரின் தோளை ஒட்டி இறங்குகிறது. கம்பியைத் தூக்கிவிட்டு வெளியே எட்டுகிறவன் முழங்கை லீவரில் பட்டால் போதும், கைக்கும் பாடிக்கும் நடுவே ஆள் சட்னி. அந்த சுவிட்ச் எதற்கு இருக்கிறதென்று நினைத்தார்? சுவிட்சை நான் மாற்றித் தருகிறேன் என்றேன். அதற்கும் சேர்த்து ஐயாயிரம் குறைக்கச் சொன்னார்!

புரோக்கர் வேறு தினமும் பாடம் எடுக்கிறார். "அண்ணா, வர்றவங்ககிட்ட நீங்க பேசாதீங்க. 68 ஊத்துங்க, ஒரு கோட் பெயிண்ட் அடிங்க, மீட்டரை நான் பார்த்துக்கறேன்." கமிஷன் இரண்டு பக்கமும் வாங்குவார். அந்த வண்டியை நம்பிக் கடன் வாங்குகிறவன் அடுத்த மாசம் தவணை கட்ட முடியாமல் நிற்பானே, அவன் வாசலில் இவரா போய் நிற்பார்? ஃபைனான்ஸ் முடித்து, என்.ஓ.சி. வாங்கி, ஆர்.சி. சுத்தமாக வைத்திருக்கிறேன். அதைப் பற்றி ஒருத்தர் கேட்கவில்லை. எல்லாருக்கும் பெயிண்ட்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டிலிருந்து ஒரு பார்ட்டி வருகிறதாம், காலை ஏழு மணிக்கு. நேரம் புரோக்கர் குறித்தது. நான் ஐந்து மணிக்கே ஸ்டார்ட் பண்ணி, பக்கெட் நிறைய மண்ணோடு மேட்டில் ஏற்றி இறக்கி, நன்றாகச் சுட வைத்துத்தான் நிறுத்தப் போகிறேன். புரோக்கருக்கு இன்னும் சொல்லவில்லை.